பாங்க் கேட்காத பாலிசி

பாயு சார்லோ, லூசியானா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நோயெலுக்கு,

நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மருமகன் எரிக்கும் அந்த மினசோட்டாப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய், வீடு முடிவாகிவிட்டது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கையெழுத்து, பாங்க் இன்சூரன்ஸ் பேப்பர் கேட்கிறது, இருப்பதிலேயே மலிவாக ஒன்றைப் போட்டால் போதும்தானே அப்பா என்று. நான் எரிக்கைக் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். அரசாங்கம் கொடுத்த இந்த டிரெய்லர் வீட்டில் அவள் காதில் விழாமல் தும்மக்கூட முடியாது கண்ணு, அதனால்தான் வண்டியைப் படகுத்துறையில் நிறுத்தி ஸ்டீயரிங் மேல் நோட்டை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் அம்மாவிடம் வியாழக்கிழமைக்குள் நான் ஒன்று சொல்லியாகவேண்டும். புயல் அடித்து ஆறு மாதமாகிறது, ஆறு மாதமாகச் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் எழுதிப் பார்த்தால் வாய்க்குக் கொஞ்சம் துணிச்சல் வருமோ என்று பார்க்கிறேன்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு அன்டுவான் மனையை விற்றுவிட்டு ஹூஸ்டனில் மகனிடம் போய்விட்டார், போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. உன் அம்மாவின் வலது முழங்கால் வீங்கியே இருக்கிறது, டிரெய்லர் படி உயரம், ஏறி இறங்க முடியவில்லை, ஆனால் வாயை மட்டும் எந்தப் புயலும் ஒன்றும் செய்யவில்லை. நம் வீட்டில் இப்போது கட்டைச் சட்டமும் தரையும்தான் மிச்சம், சுவர்ப் பலகையெல்லாம் பூஞ்சை பிடித்து நாங்களே பிய்த்துத் தெருவில் போட்டோம். அப்படியும் தினமும் காலையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், சுவரில்லாத அந்த வீட்டைப் பெருக்கிவிட்டு வருகிறாள். எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "கம்பெனிக்காரன் பணம் குடுக்கிற அன்னைக்கு வீடு அழுக்கா இருக்கக் கூடாது, உனக்கென்ன, நீ போய் மீன் பிடி" என்றாள். அதற்கப்புறம் நான் கேட்பதில்லை. வியாழக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் மாநில இன்சூரன்ஸ் துறை அதிகாரிகள் வந்து உட்கார்ந்து ஊர்க் குறை கேட்கப் போகிறார்கள். உன் அம்மா பெயர் கொடுத்திருக்கிறாள். ஆளுக்கு மூன்று நிமிஷம். டெரல் நக்கேன் நம்முடைய வெள்ளப் பாலிசிப் பணத்தைக் கம்பெனிக்குக் கட்டாமல் அமுக்கிவிட்டான் என்று மைக்கில் சொல்லப் போகிறாள். டெரலை உனக்குத் தெரியும், உன் அம்மாவின் சித்தப்பா மகன், ஊரில் பாதிப்பேருக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட். அப்படி அவள் சொல்லிவிட்டால் அவன் லைசன்ஸ் போனமாதிரிதான்.

அது இருக்கட்டும், நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை உன் பேனா ஓடிவிடும். பாங்க் கேட்கிற இன்சூரன்ஸ் பாங்குக்காகக் கேட்கிறது, உனக்காக அல்ல. வீடு இடிந்தால் அவன் கொடுத்த கடன் அவனுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கவலை. நீ எங்கே படுப்பாய், எதை உடுத்துவாய் என்பது அவன் கவலை இல்லை. பிறகு, நீ வாங்குகிற விலை வேறு, அதே வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு வேறு. விலையில் மனையும் சேர்ந்திருக்கிறது, மனை எரிந்து போகாது. கட்டுகிற செலவுக்குப் பாலிசி போடு, ஊரில் வீடு கட்டுகிற ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேள், ஏஜென்ட் கம்ப்யூட்டரில் தட்டிச் சொல்கிற தொகையை மட்டும் நம்பாதே. ஒரு பேரழிவு வந்துவிட்டால் பலகை விலையும் ஆள் கூலியும் எங்கேயோ போய்விடும், இங்கே போயிருக்கிறது, நான் கண்ணால் பார்க்கிறேன்.

அடுத்தது வயது. எங்களிடம் சேதத்தை மதிப்பிட வந்த கம்பெனி ஆள் ஒஹையோவிலிருந்து வந்த சின்னப் பையன், மீசை இப்போதுதான் முளைத்திருக்கிறது, ஏணியில் ஏறி இருபது நிமிஷம் கூரையைப் பார்த்தான். புதுக்கூரை போடப் பதினாறாயிரம் டாலர் ஆகும் என்று அவனே சொன்னான். பிறகு, "ஆனா உங்க கூரைக்கு வயசாயிருச்சே சார், உங்க பாலிசி பழைய மதிப்புக்குத்தான்" என்று ஒன்பதாயிரத்து நானூறு என்று எழுதினான். அதிலும் பெயர் வைத்த புயல் என்றால் முதலில் எங்கள் கையிலிருந்து போகவேண்டிய பங்கு, வீட்டுத்தொகையில் நூற்றுக்கு ஐந்து, ஒன்பதாயிரம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான், நானூறு டாலருக்குச் செக் வந்தது. எனக்கும்தான் அறுபத்தெட்டு வயதாகிறது, என்னையும் கழித்துப் பார் தம்பி, எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. அதனால் பழைய மதிப்புக்கு அல்ல, புதிதாக வாங்குகிற விலைக்கு என்று பாலிசியில் இருக்கிறதா பார். உன் கைப்பங்கு இத்தனை டாலர் என்று இருக்கிறதா, நூற்றுக்கு இத்தனை என்று இருக்கிறதா என்று கேள். நூற்றுக்கு இத்தனை என்றால் அதை டாலராக எழுதிக்காட்டச் சொல்லி, அந்தப் பணம் நாளைக் காலையில் உன் கையில் இருக்குமா என்று யோசி. மலிவுப் பாலிசிகளெல்லாம் இந்த இரண்டு இடத்தில்தான் மலிவாகின்றன.

அதற்கப்புறம் வீட்டுச் சாமான். என்னென்ன போயிற்று என்று பட்டியல் கேட்டார்கள், பொருள், வாங்கிய வருஷம், விலை. உன் அம்மா இந்த டிரெய்லர் மேஜையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்வந்தாள். சமையலறை இரண்டாவது இழுப்பறையில் என்ன இருந்தது, எத்தனை கரண்டி, உன் ஞானஸ்நான உடை எந்தப் பெட்டியில் இருந்தது, அதற்கு என்ன விலை போடுவது. பதினோரு நாள் எழுதினாள். எழுதி அனுப்பியதற்கு வெள்ளத்தில் போன சாமானுக்கு உங்கள் பாலிசியில் ஒன்றுமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. நீ குடிபோகிற அன்றே ஒவ்வொரு அறையையும், ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்துவைத்துப் படம் எடுத்து என்னைப்போல வேறு ஊரில் இருக்கிற யாருக்காவது அனுப்பிவை. வீடு இருக்கத் தகுதியில்லாமல் போனால் வெளியே தங்குகிற செலவைக் கொடுப்பார்களா, எத்தனை மாதம் கொடுப்பார்கள் என்று கேள், எத்தனை மாதம் என்பதுதான் முக்கியம். உன் வீட்டில் நிலவறை இருக்கிறது என்றாய், சாக்கடை அதற்குள் திரும்பி ஏறினால் அதற்குத் தனியாகச் சேர்க்கவேண்டும். ஊருக்குப் போயிருக்கும்போது குழாய் உறைந்து வெடித்தால் என்ன, உன் படியில் ஐஸில் வழுக்கித் தபால்காரன் இடுப்பை உடைத்துக்கொண்டு வழக்குப் போட்டால் என்ன, எல்லாம் கேள். எதற்குக் கொடுப்பார்கள் என்கிற பக்கங்களை விட்டுவிடு, எதற்குக் கொடுக்கமாட்டோம் என்று ஒரு பக்கம் பின்னால் இருக்கும், அதை உட்கார்ந்து படி. அந்தப் பக்கத்தைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது டெரல்தான். நான் படிக்கவில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன், பேனாவைக் கடித்துக்கொண்டு அரை மணியாக உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுப் பாலிசி என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, தரையிலிருந்து ஏறிவருகிற தண்ணீருக்கு அதில் ஒரு சொட்டு இடம்கூடக் கிடையாது, வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். முப்பது வருஷம் அது நமக்கு இருந்தது, ஏனென்றால் பாங்க் விடாது, மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்து அவனே கட்டிவிடுவான். ஐந்து வருஷத்துக்கு முன் ஏப்ரலில் கடன் தீர்ந்தது, நீயும் எரிக்கும் வந்திருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். நம் ஊர் வழக்கப்படி கொல்லையில் கிராஃபிஷ் இறால் அவித்து ஊரைக் கூப்பிட்டு, பாங்க் கடன் பத்திரத்தை அதே அடுப்புத் தீயில் காட்டி எரித்தோம். கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் புகையைக் குடித்த மனுஷன் நான், அந்தக் காகிதம் சுருண்டு கருகியதைப் பார்த்தபோது இனி என் தலைமேல் ஒருத்தனும் இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் வினையாக வந்தது. ஜூன் மாதம் வெள்ளப் பாலிசி பில் முதல்முறையாக என் பெயருக்கு வந்தது, எண்ணூற்றுச் சொச்சம். நான் அதை எடுத்துக்கொண்டு டெரலின் ஆபீசுக்குப் போய், பாங்க்தான் போய்விட்டதே, இனி இது எதற்கு, நிறுத்து என்றேன். அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, "மச்சான், பாங்க் கேக்கலைங்கிறதுக்காக தண்ணியும் கேக்காம போயிருமா, வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க" என்றான். அக்காவையும் கூட்டிவரச் சொன்னான். நான் கதவைத் திறந்துவைத்து, வெளியே காத்திருந்த நாலு பேர் காதிலும் விழும்படி, முப்பது வருஷம் பாங்குக்காரன் என் கழுத்தைப் பிடித்தான், இப்போது உனக்குக் கமிஷன் போகிறதென்று நீ பிடிக்கிறாயா என்று கேட்டேன். அவன் முகம் சிவந்துபோயிற்று. ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான், வெள்ளக் காப்பீடு வேண்டாம், அதன் விளைவு எனக்கு விளக்கப்பட்டது என்று அச்சடித்த தாள். நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருஷம் உன் அம்மா ஒரே ஒருமுறை கேட்டாள், வெள்ளத்துக்குக் கட்டிவிட்டாயா என்று. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ம் என்றேன். நோயெல், நான் சொன்ன பொய் அந்த ஒரு ம்தான், அதை வைத்துத்தான் அவள் ஆறு மாதமாகப் போராடுகிறாள். உங்கள் பெயரில் வெள்ளப் பாலிசியே இல்லை என்று புயலுக்கப்புறம் பதில் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றே சொல்லியிருக்கலாம். நாலரை அடித் தண்ணீரில் ஊறிப்போன கல்யாண ஆல்பத்தை அவள் கழுவி வெயிலில் ஒவ்வொரு படமாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், எப்படிச் சொல்வது. மறுநாள் அவளாகவே டெரல்தான் பணத்தைத் தின்றுவிட்டான் என்று முடிவுகட்டினாள், நான் அதற்கும் ம் என்றேன். ஒட்டுப்பலகையில் திருடன் என்று பெயின்ட் அடித்து அவன் ஆபீஸ் எதிரில் நட்டுவைத்தாள். கோயிலில் அவன் உட்காருகிற வரிசையில் இப்போது ஒருவரும் உட்காருவதில்லை, அவன் பெண்டாட்டி பாடற்குழுவை விட்டு நின்றுவிட்டாள். அவன் அந்தத் தாளை ஒருவருக்கும் காட்டவில்லை.

நேற்று இங்கேதான், படகுத்துறையில், என்னைத் தேடி வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். "மச்சான், எங்க அக்கா குடும்பத்தை என் வாயால பிரிக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றான். "வியாழக்கிழமை மைக்குல என் பேரைச் சொன்னா எனக்கு வேற வழியில்ல. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. நீங்களே சொல்லிருங்க, ரெண்டு நாள் இருக்கு" என்றான். நான் சரி என்றேன், அவன் கையைப் பிடித்துச் சரி என்றேன். இன்று சாப்பாட்டுக்கு உட்காரும்போது சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை அவள் மனசு கொஞ்சம் நன்றாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை

செவ்வாயன்று சொல்லவில்லை. புதனன்று அவள் மூன்று நிமிஷப் பேச்சை என்னிடம் சொல்லிக்காட்டினாள், கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இதைப் படிக்கும்போது உனக்கு என் மேல் வருகிற வெறுப்பு எனக்குத் தெரியும், அதில் பாதியாவது எனக்கே என் மேல் இருக்கிறது என்று மட்டும் நம்பு.

அரங்கில் நானூறு பேர் இருந்தார்கள். உன் அம்மா ஈஸ்டருக்குப் போடுகிற நீல உடையில், முழங்கால் வலியோடு மைக்குக்கு நடந்து போனாள். நன்றாகப் பேசினாள், தண்ணீர் ஏறிய அளவைப் படத்தில் காட்டினாள். பிறகு, "பணத்தை வாங்கிட்டுக் கட்டாம விட்டவன் வேற யாருமில்ல, எங்க சித்தப்பா மகன் டெரல் நக்கேன்" என்றாள். பின்வரிசையிலிருந்து டெரல் எழுந்தான், கையில் ஒரு மஞ்சள் உறை. அவன் அதிகாரிகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அப்போதுகூட நான் எழுந்திருக்கலாம். என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் நடந்து வந்து உறையை அவள் கையிலேயே கொடுத்தான். அவளுக்கு அது தன் வழக்குக்குச் சாட்சி என்று தோன்றியிருக்கவேண்டும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மைக்கிலேயே உரக்கப் படித்தாள். கீழே கையெழுத்திட்டுள்ள ஓவைட் பீட்ரே ஆகிய நான் வெள்ளக் காப்பீட்டை என் விருப்பத்தின் பேரில் மறுக்கிறேன் என்று முழுசாகப் படித்தாள். தேதியையும் படித்தாள். தேதி வந்தபோதுதான் குரல் நின்றது.

அவள் தாளை மடித்து உறையில் போட்டு அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "டெரல், ஆறு மாசமா உன்னைத் திருடன்னு சொன்னேன், இந்த மைக்குலயே சொல்றேன், தப்பு என்னோடது, மன்னிச்சுக்க" என்றாள். அதிகாரிகளிடம், "என்கிட்ட இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, அதை வேற யாருக்காவது குடுங்க" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அரங்கிலிருந்து டிரெய்லர் வரை மூன்று மைல், அந்த முழங்காலோடு பாதி தூரம் நடந்தாள், நான் வண்டியைப் பக்கத்திலேயே ஊர்ந்து ஓட்டிக்கொண்டு போனேன், பிறகு வலி தாங்காமல் ஏறிக்கொண்டாள்.

திங்கட்கிழமை விமானத்தில் அவள் உன்னிடம் வருகிறாள், டிக்கெட்டை அவளே எடுத்துவிட்டாள். விமான நிலையத்துக்கு டெரல் கூட்டிப்போகிறான், என்னை வரவேண்டாம் என்றாள். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. தரைத்தள அறையைக் கொடு, படி ஏறவைக்காதே, பனியில் தனியாக வெளியே விடாதே. வெள்ளிக்கிழமை பாலிசியில் கையெழுத்துப் போடும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவை. எரிக் வேண்டாம் என்று சொன்ன எதையும் அவன் மட்டும் தனியாக வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க விடாதே, நீயும் அவனுக்குத் தெரியாமல் எழுதிக்கொடுக்காதே. இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அவள் பையில் வைக்கிறேன், வழியில் அவள் எடுத்துப் படித்தால் படிக்கட்டும்.

வீடு உனக்கு நிலைக்கட்டும், அதில் குழந்தை குட்டியோடு நிறைந்து இரு, தேவமாதா உங்கள் இருவருக்கும் துணையிருப்பாள். நேற்று வந்ததிலிருந்து உன் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கத்தவில்லை, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். "அந்த எண்ணூறு டாலர்ல என்ன வாங்குன ஓவைட்?" என்றாள். நேற்றிலிருந்து யோசிக்கிறேன். படகுக்கு ஒன்றும் வாங்கவில்லை, வண்டிக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. அடுத்த வருஷத்துப் பணமும் அதற்கடுத்த வருஷத்துப் பணமும் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவே இல்லை. அந்த வருஷங்களில் நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வீட்டில் புதிதாக ஏதாவது ஒன்றைப் பார்த்த ஞாபகம் இருந்தால், அவளிடம் சொல், எனக்கும் ஒரு வரி எழுது.

உன் அப்பா,
ஓவைட் பீட்ரே